கன்னத்தில் வைத்த கம்பி

பால் கறந்து முடித்ததும் அம்மா மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போவாள். காய்ந்த புல்லை அடுக்கிய போர் அங்கே சுவரை ஒட்டி நின்றது. அதன் வயிற்றில் எப்போதும் ஓர் இரும்புக் கம்பி செருகியிருக்கும். ஈரத்தோடு அடுக்கிய புல் உள்ளுக்குள்ளேயே வெந்து சூடேறும். யாரும் தீக்குச்சி கிழிக்காமலேயே ஒருநாள் பற்றிக்கொள்ளும். அந்தச் சூட்டைப் பார்க்கத்தான் கம்பி. அம்மா காலை ஊன்றி அதை இழுப்பாள். உள்ளேயிருந்து வந்த நுனியை முந்தானையால் துடைப்பாள். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கொஞ்சம் தயங்கி, பிறகு மெல்ல இடது கன்னத்தில் ஒட்டவைத்துக் கண்ணை மூடுவாள். மற்றவர்கள் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிற வேலை அது.

"அத்தை, பேரனக்கூட நீங்க இப்படிக் கொஞ்சுனதில்ல" என்பாள் பெரிய மருமகள்.

"கம்பி எதுத்துப் பேசாதுடி."

பதினெட்டு வயதில் இந்த வீட்டுக்கு வந்தவள். வந்த வாரத்திலேயே மாமனார் ஒரு பிடி புல்லை அவள் கையில் கொடுத்து, "என்ன சொல்ற?" என்று கேட்டார். முறுக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு வெயில் வேணும் மாமா" என்றாள். அவர் மறுநாள் வரை போர் போடவில்லை. அன்றிலிருந்து புல் காய்ந்ததா இல்லையா என்று சொல்வது அவள் பாடு ஆயிற்று. ஐந்து பெற்று இரண்டைப் பறிகொடுத்தாள். சின்னவன் பிறந்த அன்று காலைகூடப் பதினோரு மாடு கறந்துவிட்டுத்தான் வந்து படுத்தாள். புருஷன் இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தபோது டிராக்டர் ஓட்டிப் பழகினாள். முதல் நாளே வேலியைச் சாய்த்துவிட்டு, "வேலிதான் குறுக்க வந்துச்சு" என்றாள். அவர் போனபின் பண்ணை பெரியவன் கைக்குப் போனது. மகள் கல்யாணமாகித் தூரத்தில் இருந்தாள். புல்லைப் பற்றிய தீர்ப்பு மட்டும் அம்மாவிடம் மிச்சம் இருந்தது. அந்த ஒன்றை அவள் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறாள் என்று சின்னவனுக்குத் தெரியும். அவன் அதிகம் பேசாதவன், பார்த்துக்கொண்டே இருப்பவன்.

இந்த வருஷம் மழை முன்கூட்டியே மிரட்டியது. போர் போடவேண்டிய நாளில் கூலியாட்கள் வண்டியோடு காத்திருந்தார்கள். அம்மா ஒரு பிடி புல்லை எடுத்தாள். கை முகத்துக்குப் பக்கம் போனது.

"என்னம்மா, புல்லுக்கும் முத்தமா?" என்றான் பெரியவன்.

ஆட்கள் சிரித்தார்கள். சின்னவனும் சிரித்தான். அம்மா கையை இறக்கினாள். பழையபடி உள்ளங்கையில் வைத்து முறுக்கினாள். வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. "போடலாம்" என்றாள்.

ஒன்பதாம் நாள் பிற்பகல் கம்பியை இழுத்தவள், கன்னத்தில் பட்டதும் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உள்ள வேகுது. பிரிங்கடா."

பெரியவன் வந்து தொடுவதற்குள் கம்பி சற்று ஆறியிருந்தது. "வெதுவெதுன்னுதான் இருக்கு. போருன்னா அப்படித்தான். மேக்கால வானத்தப் பாரு. இப்பப் பிரிச்சா மொத்தப் புல்லும் நனைஞ்சு குப்பையாயிடும். மாடு எதத் திங்கும்?"

"பிரிக்கலன்னா திங்க மாடே இருக்காது."

"நீதானம்மா காஞ்சிடுச்சுன்ன?"

"தப்பாச் சொல்லிட்டேன்."

இந்த வார்த்தையை அவள் சொல்லி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. பெரியவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது, ஆனாலும் விடவில்லை. "அப்ப இன்னிக்குச் சொல்றது மட்டும் சரின்னு எப்படி நம்புறது?"

அவள் நேராகக் கொட்டகைக்குள் போய் மாடுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து வெளியே ஓட்டினாள். முடிச்சுகளில் விரல்கள் தடுமாறின. பல்லால் கடித்து இழுத்தாள். அதைப் பார்த்ததும் சின்னவன் கவைக்கம்பை எடுத்துக்கொண்டு போரின் மேல் ஏறப் போனான்.

"மேல ஏறாத!" அம்மாவின் குரல் கிழிந்தது. "உள்ள வெந்து பள்ளமாயிருக்கும், ஆளையே முழுங்கிடும். பக்கத்துலேர்ந்து இழு!"

பக்கத்திலிருந்து இழுத்தான். முதலில் பச்சை மாறாத புல், அப்புறம் பழுப்பு. ஒரு முழம் உள்ளே போனதும் சர்க்கரை கருகுகிற வாசனை குப்பென்று அடித்தது. ஆவி வந்தது. பிறகு கரி. பெரியவன் இன்னொரு கவைக்கம்பை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்று இழுத்தான். காற்றுப் பட்டதும் கரிக்குள் ஒரு சிவப்புக் கோடு ஓடியது. அடுத்த நிமிஷம் நெருப்பு. மருமகள் மோட்டாரைப் போட்டுக் குழாயோடு ஓடிவந்தாள். கொட்டகைக் கூரைப் பக்கம் சரிந்த கங்குப் புல்லை அம்மா வெறுங்கையால் அள்ளி அள்ளி வெளியே எறிந்தாள்.

"அம்மா, கைய எடு!" என்று பெரியவன் கத்தினான். அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

மழை வந்தபோது நெருப்பு அடங்கியிருந்தது. போரில் பாதிக்குமேல் போயிற்று, சுவர் கறுத்தது. ஒரு மாட்டுக்குக்கூட வால்மயிர் கருகவில்லை.

சமையலறையில் மருமகள் சூடாக ஒரு டம்ளர் பால் கொடுத்தாள். அம்மா வாங்கிக்கொண்டதும் மருமகள் அலறினாள். "ஐயோ அத்தை, கை!"

மணிக்கட்டு வரை தோல் கொப்பளித்து உரிந்திருந்தது. அம்மா குனிந்து, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"வலிக்கலையாம்மா?" என்றான் பெரியவன்.

"வேலையில இருந்தா வலி எங்கடா தெரியுது" என்று டம்ளரைக் கீழே வைத்தாள். அடுத்த வருஷம் புல்லைப் பார்க்க வேறு ஆள் வைத்துக்கொள்ளச் சொன்னாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவளைக் கண்ணை மூடச் சொல்லி, காயம் படாத இடமெல்லாம் ஊசியால் குத்திப் பார்த்தார். பிறகு பிள்ளைகள் இருவரையும் வராந்தாவுக்கு அழைத்துவந்தார்.

"நெருப்பால வந்தது இல்ல இது" என்றார். "ரெண்டு உள்ளங்கையும் மரத்துப்போய் அஞ்சு வருஷத்துக்குக் கம்மியா இருக்காது. சூடோ ஈரமோ அந்தக் கைக்குத் தெரியாது. கூடவே இருக்கீங்க, உங்களுக்குத் தெரியாதா?"