படலையில் மாறிக் கட்டிய தோரணம்

எனக்கு வடிவாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மறதியும் வந்துவிட்டது. முன்னுக்குப் பின் மாறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு முள்ளியவளைப் பக்கம். எனக்கு மிஞ்சியது ஒரு மகள். கொழும்பில் வேலை. லீவு கிடைத்தால் சிநேகிதரோடு சேர்ந்து, கைக்காசு போட்டுப் படம் எடுப்பாள்.

"இந்த முறை எங்கட வீட்டிலதான் எடுக்கப் போறம் அம்மா. கலியாணக் கதை. சிரிப்பும் வரும், அழுகையும் வரும்."

"ஆர் மாப்பிள்ளை?"

"மாப்பிள்ளை இல்லை. ரெண்டு பேரும் பொம்பிளைப் பிள்ளையள்."

நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. கல் இல்லாத அரிசியில் கல் தேடிக்கொண்டிருந்தேன்.

கொழும்பில் மகளோடு ஒரே வீட்டில் இருக்கிற பிள்ளையை எனக்குத் தெரியும். ஒவ்வொரு வருகையிலும் கூட வரும், அன்ரி அன்ரி என்று குசினிக்குள் என் பின்னாலேயே நிற்கும். மகள் அந்தப் பிள்ளையைப் பார்க்கிற பார்வையையும் தெரியும். நான் கேட்டதில்லை, மகள் சொன்னதுமில்லை. படத்தில் அந்தப் பிள்ளைதான் ஒரு மணப்பெண்.

அன்று பிடித்த பயம். சட்டமும் இதை விடாதாம். சட்டம் எங்கேயோ இருக்கிறது, ஒழுங்கைச் சனம் வாசலிலேயே இருக்கிறது. ஊர்வாயில் விழுந்தால் மகள் பிறகு இந்தப் படலையைத் திறந்து வரமாட்டாள். கமெராவோடு வெளியாட்கள் வந்தால் விசாரிக்கப் பொலிசும் வரும். அதனால் பக்கத்து வளவு மச்சாளிடம், வீட்டுத்தோட்டத்தைப் பற்றிப் படம் எடுக்கப் போகிறார்கள் என்று சொல்லிவைத்தேன், எந்த நாள் என்று சொல்லவில்லை. மச்சாள் என் தமையனின் மனைவி. அவவுக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரிந்த மாதிரி.

படம் எடுக்கிற அன்று காலையில் நான் குசினிக்குள் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். வந்த பிள்ளைகள் படலையில் தோரணம் கட்டியிருக்கிறார்கள். நல்ல காரியத்துக்குக் கட்டினால், ஓலையை மடித்துச் செய்கிற குருவிகள் மேலே பார்க்க வேண்டும். செத்தவீட்டில்தான் கீழே பார்க்கும். அந்தப் பிள்ளைகளுக்கு அது தெரியாது. எல்லாக் குருவியும் தலைகீழாகத் தொங்கியதை நான் காணவில்லை.

மச்சாள் கண்டுவிட்டா. வாசலில் வாடகை வான், தெரியாத முகங்கள், சொல்லாமல் வந்து நிற்கிற மகள். நான்தான் போய்ச்சேர்ந்தேன் என்று முடிவெடுத்து, வெள்ளைச் சீலையோடு தலையை விரித்துக்கொண்டு வந்தா. பின்னால் ஒழுங்கைப் பெண்கள் சிலர்.

"என்ர ராசாத்தி, நேற்றும் எனக்கு முருங்கையிலை ஆஞ்சு தந்தனியே. ஒரு வார்த்தை சொல்லாமப் போட்டியே. இனி ஆரோட நான் சண்டை பிடிப்பன்."

தேத்தண்ணித் தட்டத்தோடு வெளியே வந்தேன்.

"நான் சாகேல்லை மச்சாள். குசினிக்கதான் நிண்டனான்."

அவ என்னை மேலும் கீழும் பார்த்தா. "அப்ப ஆர் செத்தது?"

அந்த நேரம் பார்த்து விறாந்தைக்கு வந்தார்கள் இரண்டு மணப்பெண்கள், கூறைச் சீலையோடு, கை கோத்தபடி. மகள் பின்னால் வந்து அந்தப் பிள்ளையின் பூவைச் சரி செய்தாள். ஒழுங்கைப் பெண்களின் அழுகையும் நின்றது.

"மாப்பிள்ளையள் எங்க?" என்றா மச்சாள்.

மகள் வாயைத் திறந்தாள். அவளுக்குப் பொய் வராது. கேட்டால் தன்னைப் பற்றியும் சொல்லிவிடுவாள். சபையில் பேசிப் பழக்கமில்லாத நான் முந்திக்கொண்டேன்.

"மாப்பிள்ளை இல்லை மச்சாள். இது படம். படத்தில இவை ரெண்டு பேருந்தான் கலியாணம் கட்டுகினம்."

மச்சாள் அந்தப் பிள்ளையைப் பார்த்தா. பூவில் இருந்த மகளின் கையைப் பார்த்தா. பிறகு தலையை முடிந்துகொண்டு படலைக்குப் போனா.

"கலியாணமெண்டுபோட்டு இப்பிடியே கட்டுறது? இஞ்சால வாங்கோ பிள்ளையள், கதிரை ஒண்டு கொண்டாங்கோ." தோரணத்தை அவிழ்த்துத் தானே திருப்பிக் கட்டினா. ஒழுங்கைப் பெண்கள் படம்தானே என்று சிரித்துக்கொண்டு கலைந்தார்கள்.

அவ்வளவோடு முடியவில்லை. மச்சாளின் ஒப்பாரி முழுவதும் கமெராவில் விழுந்திருந்தது. படத்துக்கு அது நல்லாயிருக்கும் என்றாள் மகள். "ஆனா மாமியைக் கேக்காமல் போடேலாது. முழுப்படத்தையும் காட்டித்தான் கேக்கவேணும்."

முழுப்படத்திலும் அந்தப் பிள்ளையின் முகம். கடைசியில் இரண்டு பெண்களும் கிணற்றடியில் ஒருவரையொருவர் முத்தமிடுகிற இடமும் உண்டு. வேண்டாம் பிள்ளை என்றேன். மகள் கேட்கவில்லை.

படம் முடிந்து மகள் கொண்டுவந்து காட்டிய பின்னேரம், கதவையும் யன்னலையும் சாத்திவிட்டு நான் கதவோடு நின்றேன். தன் ஒப்பாரிக்கு மச்சாள் விழுந்து விழுந்து சிரித்தா. கிணற்றடி வந்தபோது சிரிப்பு இல்லை. மோட்டார் சைக்கிள் ஒன்று ஒழுங்கையால் போனது. அது தாண்டும்வரை நான் கதவுக் கொக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நான் அழுத இடத்தைத் திரும்பப் போடு," என்றா. பார்த்தா. "இருக்கட்டும், வெட்டாதை. ஆனா என்ர சீலை கசங்கிக் கிடக்கு."

படலையடியில் என் கையைப் பிடித்தா. "பொங்கலுக்கு உன்ர மகளை வரச் சொல்லு. ரெண்டு பேரையும்."

ரெண்டு பேரையும் என்று ஏன் சொன்னா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம். அவவின் வாயை நினைத்தும் பயம். அன்றிலிருந்து ஒழுங்கையில் பெண்கள் கூடி நின்றால் என் கால் தானாகவே மெதுவாகும். மச்சாள் இதுவரை ஒருவரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. பொங்கலுக்கு இரண்டு பாய் உதறி வைத்திருக்கிறேன்.

இதை வாசிக்கிறவர்கள் தயவுசெய்து ஒருதரம் சரி பாருங்கள். குருவி மேலே பார்க்கிறதா கீழே பார்க்கிறதா என்று தெரிந்தவர்களிடம் கேளுங்கள். முக்கியமாக, இதிலிருந்து அந்தப் பிள்ளைகளை யாரும் அடையாளம் பிடிக்க முடியுமா என்று பாருங்கள். முடியுமென்றால், மேலே நான் எழுதின ஊர்ப்பெயரை வெட்டிவிடுங்கள்.