நான் வெயிலில் வைத்த இசைத்தட்டு

அண்ணனின் முதலாண்டு நினைவுக்கு வந்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, அவருக்கு நான் ஒரு துரோகம் செய்தேன். அதை மறைத்துவிட்டு அவருடைய நற்குணங்களைப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

அண்ணன் வில்லாபுரத்தில் பிறந்தார். அப்பா இறந்ததும் பள்ளியை விட்டுத் தையல் கடையில் சேர்ந்தார். அந்தச் சம்பாத்தியத்தில்தான் நான் படித்து ஆசிரியரானேன். இருவரும் மாதா கோயில் பாடகர் குழுவில் இருந்தோம்.

பங்குச் சாமியார் தம் நாட்டிலிருந்து கிராமபோனும், பல நூறு வருடப் பழமையான லத்தீன் பூசைப் பாட்டுகளின் தட்டுகளும் வரவழைத்தார். வாத்தியமே இல்லாமல் நான்கு குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்து பின்னிக்கொள்ளும். ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் அறையில் கேட்போம். எனக்கு லத்தீன் தெரியும். அண்ணனுக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் எனக்கு வெறும் இரைச்சலாகக் கேட்டதில் அவர் அடிக்குரலை மட்டும் பிரித்துப் பாடிக் காட்டுவார். கருவேல முள்ளைச் சீவி ஊசியாகப் பொருத்தும் வேலையையும் தட்டுப் பெட்டியின் சாவியையும் சாமியார் அவரிடமே கொடுத்தார்.

"என்ன வாத்தியாரே, அம்புட்டுப் படிப்பும் முள்ளுச் சீவக்கூட ஒதவலையே!" என்றார் கூடப் பாடுகிறவர். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார்.

ஒரு சித்திரை மதியம் அண்ணன் பெட்டியைப் பூட்ட மறந்து சாப்பிடப் போயிருந்தார். அவருக்கு மிகப் பிடித்த தட்டை எடுத்து ஜன்னல் கட்டையில் வெயிலில் வைத்தேன். அப்பளமாக நெளிந்துவிட்டது.

"நீங்கதானண்ணே வச்சீங்க, நான் பார்த்தேனே" என்றேன், சாமியார் முன்னாலேயே.

அண்ணன் நெற்றியைத் தடவினார். "அப்படியா தம்பி? ஞாபகமில்லையே... நீ பார்த்தேன்னா சரியாத்தான் இருக்கும்."

சாமியார் கோபிக்கவில்லை. ஆனாலும் அண்ணன் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியேறினார். அதன்பின் யார் அழைத்தும் அந்த அறைக்கு வரவில்லை. அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். எனக்குக் குரல்கள் அப்போதும் பிரியவில்லை.

பதினோரு வருடம் கழித்து, சென்னையிலிருந்து அதே பாட்டின் புதுத் தட்டைத் தருவித்து அவர் வீட்டுக்குக் கொண்டுபோய், உண்மையைச் சொன்னேன்.

"அப்ப நான் வைக்கலையாடா?" என்று இரண்டு முறை கேட்டார். "எனக்கு மறதின்னு நெனச்சு, இம்புட்டு வருசமா ஒவ்வொரு துணியையும் நாலு தடவ அளந்துக்கிட்டு இருக்கேன்டா."

தட்டை வாங்கிக்கொண்டு நேராகச் சாமியார் அறைக்குப் போனார். நோயில் விழும்வரை ஒவ்வொரு ஞாயிறும் போனார். என்னோடு பேசினார், சேர்ந்து சாப்பிட்டார். கேட்க வா என்று மட்டும் ஒருநாளும் அழைக்கவில்லை.

அவரைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட தையல் கடை நண்பர்களுக்கும், படுக்கையருகே கிராமபோனைச் சுமந்துவந்து வைத்த சாமியாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அன்று நான் வாசற்படியில் நின்றேன். அண்ணன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்து எனக்கு அப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது.