தேன்சிட்டு வாயில் என்ன?

1. டீச்சர் கேட்ட படம்

தொண்ணூறுகளில் திண்டுக்கல்லில் எனக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ இருந்தது. கல்யாணம், சர்ச்சில் பிள்ளைகளுக்குப் புதுநன்மை, பாஸ்போர்ட் சைஸ், இதுதான் பிழைப்பு. குருவியைப் படம் எடுக்கச் சொல்லி அதுவரை ஒருத்தரும் வந்ததில்லை. ஒரு நாள் சாயங்காலம் ஸ்டெல்லா டீச்சர் வந்தார். எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவர். வந்ததும் வராததுமாகக் கேட்டார்:

“அண்ணே, தேன்சிட்டு தன் குஞ்சுக்கு என்ன ஊட்டும்?”

“தேன்தான். பேருலயே இருக்கே டீச்சர்.”

“போச்சு, நீங்களுமா!” என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். காலாண்டுப் பரீட்சையில் இதே கேள்வி வந்திருக்கிறது. டீச்சர் வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி பிள்ளைகள் அத்தனை பேரும் ‘பூச்சி’ என்று எழுதியிருக்கிறார்கள். பேப்பர் திருத்திய ஹெட்மாஸ்டர் எல்லாருக்கும் தப்புப் போட்டுவிட்டார். டீச்சர் வீட்டுக் கொல்லையில், துணி காயப்போடும் கம்பியில் தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. தாய் பூச்சி கொண்டுவருவதை அவர் தினமும் பார்க்கிறார். சொன்னால் ஹெட்மாஸ்டர் நம்பவில்லை. “படம் காட்டுங்க, மார்க் போடுறேன். இல்லேன்னா கிளாஸ்ல போயி, நான் சொன்னது தப்புன்னு சொல்லிருங்க” என்றாராம்.

“பிள்ளைக முன்னாடி எப்படிண்ணே அப்படிச் சொல்றது? அதும் சரியாச் சொல்லிட்டு? நாலஞ்சு நாள்ல குஞ்சு பறந்துரும். அதுக்குள்ள எடுக்கணும்.”

“தாலி கட்டுற செகண்டையே நான் விட்டதில்ல. இம்புட்டூண்டு குருவிய விட்டுருவேனா?” என்றேன். எல்லாம் வாய்க்கொழுப்பு.

2. மூக்குத்தி ஃபோகஸ்

என்னிடம் இருந்தது கையால் ஃபோகஸ் திருகும் கேமரா. ஜூம் லென்ஸை மாட்டி எட்ட நின்றால் குருவி கடுகளவு தெரிந்தது. கிட்டப் போனால் ஃபோகஸே விழவில்லை. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் எக்ஸ்டென்ஷன் டியூப் என்று ஒரு வளையம் போட்டால் கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும். அதையும் போட்டேன். பழைய போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு கூட்டுப் பக்கமாக உட்கார்ந்தேன். “ரொம்ப நெருங்காதீங்கண்ணே, தாய் பயந்தா குஞ்சு பட்டினியாக் கெடக்கும்” என்று டீச்சர் வேறு சொல்லிக்கொண்டே இருந்தார்.

பறந்து வருவதைத் துரத்திப் பத்துப் படத்தை வீணாக்கினேன். அப்புறம்தான் கவனித்தேன், கம்பியில் ஒரு துணி கிளிப் மாட்டியிருந்தது. குருவி ஒவ்வொரு தடவையும் முதலில் அந்தக் கிளிப்பில் உட்கார்ந்து கூட்டைப் பார்க்கும், பிறகுதான் கூட்டுக்குப் போகும். கல்யாண வீடுகளில் நாங்கள் பொண்ணு மூக்குத்தியில் ஃபோகஸ் வைப்போம். மின்னுவதால் பிடிக்கச் சுலபம். மூக்குத்தி ஷார்ப் என்றால் முகம் முழுக்க ஷார்ப். குருவி முகத்தில் மின்னுவது கண்தானே? கிளிப்பில் உட்கார உட்காரக் கண்ணில் ஃபோகஸ் வைத்துத் தட்டித்தள்ளினேன்.

பிரிண்ட் வந்தது. கண் அப்படி ஒரு கண்! அதற்குள் வெளிச்சப் புள்ளிகூடத் தெரிந்தது. தலைகால் புரியாமல் டீச்சரிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

“கண்ணு அழகாத்தான் இருக்கு. வாயில என்ன? அழுக்கு ஒட்டுன மாதிரில்ல இருக்கு? ஹெச்.எம். இதையும் தேன்னுதான் சொல்வாரு.”

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கண்ணைச் சுற்றி இறகு முடி முடியாகத் தெரிய, அதிலிருந்து விரல் அகலம் தள்ளியிருக்கும் மூக்கு நுனி மட்டும் எப்படிக் கலங்கும்?

3. தீக்குச்சி

ஸ்டூடியோவுக்கு வந்து ஒரு தீக்குச்சியைக் களிமண்ணில் படுக்கைவாக்கில் செருகி, அதே தூரத்தில் கேமராவை வைத்துப் பார்த்தேன். குச்சி என்னை நோக்கி நீட்டியிருந்தபோது மருந்து தெளிவாகத் தெரிந்தால் அடி கலங்கியது, அடி தெளிந்தால் மருந்து கலங்கியது. வெளிச்சம் நுழையும் ஓட்டையை, அதாவது அப்பர்ச்சரை, சின்னதாக்கிப் பார்த்தேன், கொஞ்சம்தான் தேறியது. சும்மா குச்சியைப் பக்கவாட்டில் திருப்பினேன். அட! அடியும் மருந்தும் ஒருசேரத் தெளிவாக நின்றன. இரண்டும் கேமராவிலிருந்து ஒரே தூரம், அம்புட்டுதான் சூட்சுமம். இத்தனை வருஷம் கேமரா பிடித்தவனுக்கு இது தெரியவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

கிளிப்பில் உட்காரும் குருவி கூட்டையே பார்க்கும்; நான் கூட்டுப் பக்கம் இருந்ததால் மூக்கு என்னை நோக்கி நீட்டியிருந்திருக்கிறது. குருவிக்குப் பக்கவாட்டில் இருந்தது டீச்சர் வீட்டு அடுப்படி ஜன்னல். மறுநாள் விடியவும் அங்கே ஸ்டாண்டைப் போட்டேன்.

“இன்னிக்கு வெஞ்சனம் கெடையாது, சோத்துக்கு ஊறுகாதான்” என்று டீச்சர் எனக்கு இடம் விட்டு அடுப்பை அணைத்தார்.

எட்டிப் பார்த்தால் ஒரு குஞ்சு ஏற்கெனவே பறந்து முருங்கைக் கிளையில் உட்கார்ந்திருந்தது. கூட்டில் ஒன்றுதான் பாக்கி. கிளிப்பில் ஃபோகஸ் வைத்து, ஃபோகஸ் திருகும் வளையம் நகராமல் டேப் ஒட்டி, ப்ளாஷ் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தாய் மூன்று தடவை வந்தது. மூன்று தடவையும் தட்டினேன். சாயங்காலம் கூடு காலி.

4. ஹெட்மாஸ்டர் அறை

பெரிய பிரிண்டாகப் போட்டு எடுத்துக்கொண்டு டீச்சரோடு நானும் போனேன். ஹெட்மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பேனா முனையால் ஏதோ எண்ணினார்.

“எட்டுக் கால். சிலந்தி. தேன் இல்ல, ஒத்துக்கிறேன்” என்றார். டீச்சர் முகம் மலர்வதற்குள், “ஆனா சிலந்தி பூச்சியினத்துல சேராதே டீச்சர்? பூச்சிக்கு ஆறு கால்னு நீங்கதான பாடம் நடத்துறீங்க? அப்ப பிள்ளைக எழுதுனது தப்புதான?” என்றார்.

எனக்குப் பகீர் என்றது. கொஞ்சம் மங்கலாக எடுத்திருந்தால் காலை எண்ணியிருக்க மாட்டாரே, பாவி, இம்புட்டு ஷார்ப்பா எடுத்துத் தொலைத்தேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். நம்மிடம் கேட்டது மட்டும் படத்தில் விழாது, கேட்காததும் சேர்ந்து விழும். இந்தத் தொழிலில் அதை நான் படித்தது அந்த நிமிஷம்தான்.

படிப்பு இல்லாதவன், வாயைக் கொடுத்துப் பார்ப்போமே என்று கேட்டேன்:

“சார், உங்க வீட்டுச் செவத்துல இது ஊர்ந்தா என்னன்னு சொல்லிக் கத்துவீங்க?”

“எட்டுக்கால்...” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஹெட்மாஸ்டருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. “...பூச்சி” என்று முடித்துவிட்டு, விடைத்தாள் கட்டை இழுத்துச் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.