அது மேளமில்லை, பெட்டி

அந்தப் பெட்டியை நான் முதலில் கண்டது ஸ்காபரோவில், கத்தோலிக்கக் கோயிலில் நடக்கிற எங்கள் தமிழ்ப் பூசையில். பாடகர் குழுவுக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்தில் ஒரு மரப்பெட்டி நின்றது. ஸ்பீக்கர் என்று நினைத்து, கழற்றிய குளிர்கோட்டை அதன்மேல் வைத்தேன். பாட்டுத் தொடங்குகிற நேரம் ஒரு இளம் பிள்ளை வந்து கோட்டைத் தூக்கி என் கையில் தந்துவிட்டு, பெட்டியில் ஏறி இருந்து இரண்டு கையாலும் தட்டத் தொடங்கினாள். பீடத்திலிருந்து பத்தடி தூரத்தில் மேளம் அடிபடுகிறது, யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அது பழைய விஷயம், சொல்லத்தான் வருகிறேன்.

அதன் பெயர் கஹோன். ஸ்பானிய மொழியில் பெட்டி என்றுதான் அர்த்தமாம், வேறு ஒன்றுமில்லை. இதை எனக்குச் சொன்னவர் என்னுடன் வேலை செய்த பெரு நாட்டைச் சேர்ந்த ஒருவர். மிசிசாகாவில் விமான நிலையத்தை ஒட்டிய சரக்குக் கிடங்கு ஒன்றில் நான் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். அவர் எனக்கு முன்னமே வந்தவர். எங்கள் ஷிஃப்ரில் தமிழர் ஏழெட்டுப் பேர். அவர் வயதில் மூத்தவர் என்பதால் நாங்கள் எல்லாரும் அண்ணை என்று கூப்பிட்டோம். கடைசியில் வெள்ளைக்கார மனேஜரும் அதுதான் அந்த மனிதரின் பெயர் என்று நம்பி, அண்ணை என்றே கூப்பிடப் பழகிவிட்டார்.

அண்ணையின் கைகள் சும்மா இருக்கமாட்டா. ஃபோர்க்லிஃப்ட் பின்னுக்கு வரும்போது பீப் பீப் என்று கத்தும், அவர் பக்கத்துச் சரக்கில் அதற்குத் தாளம் போடுவார். பொதி சுற்றுகிற மெசின் கடகடத்தால் அதற்கும் போடுவார். நான் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைத் தெரியாமல் இரண்டு தரம் தட்டிவிட்டாலும் போதும், நாலு தட்டுக்குள் அவர் வந்து சேர்ந்துவிடுவார். எனக்கு அது சில நேரம் எரிச்சலாக இருக்கும். மனிதன் ஒரு வாய் சோறு நிம்மதியாகச் சாப்பிட வேண்டாமா?

கஹோனின் கதையை அவர் எனக்கு ஒரே மூச்சில் சொல்லவில்லை. மாம்பழம் வந்த ஒரு மரப்பெட்டி உடைந்து கிடந்த நாளில் தொடங்கி, மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் துண்டு துண்டாகச் சொன்னார். நாங்கள் கதைத்தது இங்கிலிஷில்தான், அவருடையதில் ஸ்பானிய வாடை, என்னுடையதில் யாழ்ப்பாண வாடை. ஆனால் அவர் சொன்னது என் காதுக்குள் எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் இருக்கிறது.

அவருடைய முன்னோர் ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பெருவின் கரையோரத்துக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். கரும்பும் பருத்தியும் விளைகிற தோட்டங்களில் வேலை. கொண்டுவந்தவர்கள் அவர்களிடமிருந்து எல்லாவற்றையும் பறித்தார்கள், மேளத்தையும் பறித்தார்கள். மேளச் சத்தத்தில் ஒருவருக்கொருவர் சேதி சொல்லிக் கிளம்பிவிடுவார்கள் என்று எஜமான்களுக்குப் பயம். பேய்க்கு அடிக்கிறார்கள் என்று கோயில்காரருக்குக் கோபம். அதனால் துறைமுகத்தில் சரக்கு இறக்கிய பெட்டி, பழப்பெட்டி, உடைந்த மேசையிலிருந்து இழுத்தெடுத்த லாச்சி என்று கைக்குக் கிடைத்ததைத் தட்டினார்கள்.

"எஜமான் வாற சத்தம் கேட்டா, பெட்டிக்கு மேலை ஏறி இருந்திடுவினம்," என்றார் அண்ணை. "மேளம் எங்கை எண்டு அவன் கேப்பான். மேளமோ? இது பெட்டி ஐயா, நாங்கள் களைப்பாறுறம் எண்டு சொல்லுவினம்."

இதைச் சொல்லும்போது அவர் அந்த உடைந்த பெட்டியில் ஏறி, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு இருந்து காட்டினார். நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது.

பிறகு வீட்டில் இருந்து நானும் தேடி வாசித்தேன். தடை எந்த ஊரில் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதில் எல்லாரும் ஒத்துப்போவதில்லை. தடையோ இல்லையோ, கைக்கு எட்டிய தூரத்தில் பெட்டி இருந்தது, அதனால் தட்டினார்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு. கியூபாவில் கருவாடு வந்த பெட்டியையும் மெழுகுதிரி வந்த பெட்டியையும் இதேமாதிரித் தட்டியிருக்கிறார்கள். போன நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருவுக்கு வந்த ஸ்பானியக் கலைஞர்கள் இதைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோய், தங்கள் கிற்றார் பாட்டுகளோடு சேர்த்து, உள்ளே கம்பி பூட்டிச் சரசரக்கவும் வைத்தார்கள். அங்கிருந்து அது உலகம் முழுக்கப் போனது. கம்பி பூட்டிய கதையை நான் சொன்னபோது அண்ணை முகத்தைச் சுளித்தார். மேளத்தைப் பறித்தவர்களின் பேரப்பிள்ளைகளே வந்து இதையும் எடுத்துக்கொண்டு போனார்கள் என்றார். ஆனால் கோபம் நீடிக்கவில்லை, ஐந்து நிமிடத்தில் அந்த ஸ்பானியத் தாளத்தையே தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அந்தச் சொல்லைச் சொன்னேன்.

"எங்கட கதையும் இதுதான் அண்ணை. எங்கட ஊரிலையும் மேளத்தை நிப்பாட்டினவை."

அவர் தட்டுவதை நிறுத்தினார். "ஆர் நிப்பாட்டினது?"

"ஆமி," என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் அந்தச் சொல் என் நாக்கின் நுனியில்தான் இருக்கிறது. அதைச் சொன்னால் ஒருவரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். ஆமி எங்கள் வீட்டை எரித்தது உண்மை. அவர்கள் பிடித்துக்கொண்டுபோன என் மனைவியின் தம்பி போனவன் போனவன்தான், அதுவும் உண்மை. ஆனால் எங்கள் கோயில் பங்கில் மேளத்தை நிறுத்தியது ஆமி இல்லை. அது யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அண்ணை என் தோளில் கையை வைத்தார். அவருடைய கண் கலங்கிவிட்டது. அந்தக் கண்ணீரை நான் வாங்கிக்கொண்டேன், அதுதான் வெட்கம்.

அவர் அந்த மாதக் கடைசியில் ஓய்வுபெறுவதாக இருந்தது. மனேஜரிடம் கேட்டு உடைந்த பெட்டிகளின் பலகையை வீட்டுக்குக் கொண்டுபோய், தன் கராஜில் எனக்கென்று ஒரு கஹோன் செய்யத் தொடங்கினார். ஐந்து பக்கமும் தடித்த பலகை, தட்டுகிற முகத்துக்கு மட்டும் மெல்லிய பிளைவுட், முதுகில் ஒரு வட்டத் துளை. உள்ளே கம்பி கிடையாது. கடைசி வெள்ளிக்கிழமை மத்தியானம் லஞ்ச் ரூமில் எல்லாருக்கும் முன்னால் அதை எனக்குத் தரப்போவதாகவும், அவருடைய சனத்தின் கதையையும் என்னுடைய சனத்தின் கதையையும் சேர்த்துச் சொல்லப்போவதாகவும் சொன்னார். இரண்டு கதையும் ஒன்றுதானே என்றார். நான் பாதிச் சோற்றோடு சாப்பாட்டுப் பெட்டியை மூடினேன்.

அவர் அதை எல்லாரிடமும் முன்கூட்டியே சொல்லியும் விட்டார். எங்கள் ஷிஃப்ரில் வேலைசெய்கிற, இங்கே பிறந்த ஒரு தமிழ்ப்பிள்ளை என்னிடம் வந்து, "அங்கிள், ஊரிலை ஆமி மேளம் அடிக்க விடேல்லையாமே? அம்மா எனக்கு அதைச் சொல்லவே இல்லை, ஸோ சாட்," என்றாள். நான் சரக்கு அடுக்கிய பலெற் ஒன்றை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டேன்.

அன்று பின்னேரம் வீட்டில் என் மனைவி லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தபோது விஷயத்தை மெல்ல எடுத்தேன். அவளும் ஊரில் என் கோயில் பங்குதான், எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி. எல்லாம் தெரிந்தவள்.

"ஆமி செய்தது காணாதெண்டோ, செய்யாததையும் தூக்கி அதின்ரை தலையிலை போடுறியள்?" என்றாள். வெட்டுகிற கத்தி நிற்கவில்லை. "அண்டைக்குச் சைக்கிளிலை போய்ச் சொன்னது ஆமியோ, நீங்களோ?"

என் அப்பா எங்கள் கோயிலுக்கு மூப்பராக இருந்தவர். கோயில் நிர்வாகத்தில் பங்குச் சுவாமியாருக்கு அடுத்த சொல் அவருடையது. பங்கில் பறை அடிக்கிற குடும்பங்கள் மூன்று இருந்தன. அவர்களும் எங்களைப்போல வேதக்காரர்தான், எங்களைப்போல ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான். பூசைக்கு வந்தால், நாங்கள் இருக்கிற வாங்குகளுக்குப் பின்னால் நிலத்தில் இருப்பார்கள். எங்கள் வீடுகளில் சாவு விழுந்தால் ஆள் அனுப்புவோம், வந்து படலைக்கு வெளியே நின்று அடிப்பார்கள். வர ஏலாது என்று அவர்கள் சொல்லமுடியாது. நாங்கள் அடி என்றால் அடிக்கவேண்டும், காணும் என்றால் நிறுத்தவேண்டும்.

அவர்களில் மூத்தவர் ஒருநாள் செத்துப்போனார். ஊரில் பாதிப் பேரைச் சவக்காலைக்கு அனுப்பிவைத்த கை அவருடையது. அவருடைய மகன்மார், தகப்பனை மேளத்தோடு கோயில் வாசல்வரை கொண்டுவர விரும்பினார்கள். உள்ளுக்கு வேண்டாம், வாசல் மட்டும் என்று ஆள் விட்டுக் கேட்டார்கள். எங்கள் வீட்டு விறாந்தையில் நாலு கதிரை போட்டு நாலு பேர் இருந்து, கூடாது என்று தீர்த்தார்கள். அதைப் போய்ச் சொல்லும்படி அப்பா என்னை அனுப்பினார்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. சின்னப்பிள்ளை இல்லை, மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சைக்கிளில் போனேன், இறங்கக்கூட இல்லை. ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு, "கோயில் வளவுக்குள்ளை மேளம் வரக்கூடாதாம்," என்று சொன்னேன். மூத்த மகன் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, "சரி தம்பி," என்றார். நான் திரும்பி வந்து அப்பா போட்டிருந்த தேத்தண்ணியைக் குடித்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அண்ணை என்னைக் கார் நிறுத்துமிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெட்டியை டிக்கியிலிருந்து இறக்கி நிலத்தில் வைத்து, அதன்மேல் இருந்தார். நாளைக்குத் தரமுன் ஒருதரம் பார் என்றார். விளிம்புகளை உரஞ்சி, கைக்கு உறுத்தாமல் வழுவழுப்பாக்கி வைத்திருந்தார். அவ்வளவு வடிவான வேலை. அதைப் பார்த்ததும் எனக்கு இனித் தாங்காது என்று தெரிந்துவிட்டது.

"அண்ணை, நாளைக்கு அந்தக் கதையைச் சொல்லவேண்டாம்."

"ஏன்?"

"மேளத்தை நிப்பாட்டினது ஆமி இல்லை. என்ரை அப்பா. போய்ச் சொன்னது நான்."

எல்லாவற்றையும் சொன்னேன். படலைக்கு வெளியே நின்று அடித்ததையும், நிலத்தில் இருந்ததையும், சைக்கிளிலிருந்து இறங்காததையும் சொன்னேன். அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. தோல் நிறமும் ஒன்று, மொழியும் ஒன்று, கோயிலும் ஒன்று, பிறகு எப்படி என்று கேட்டார். அதற்கு நான் என்னத்தைச் சொல்ல? அப்படித்தான் என்றேன்.

"அவை மேளமில்லாமல் வந்தவையோ?"

"ஓம். மேளமில்லாமல்தான் வந்தவை."

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் மிச்சத்தையும் சொன்னேன், மனைவிக்குக்கூடச் சொல்லாததை. பிரேதப் பெட்டியை நாலு பேர் தோளில் வைத்துக்கொண்டு வந்தார்கள். மூத்த மகன் முன்னுக்கு இடப்பக்கம். சந்தியிலிருந்து கோயில் வாசல்வரை, தோளில் இருந்த பெட்டியின் பலகையை அவர் விரலாலும் உள்ளங்கையாலும் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். சாவுக்கு அடிக்கிற அதே அடி. அப்பா வாசலில் நின்றார். வாயைத் திறந்தார், அந்தக் கையைப் பார்த்தார், பிறகு வாயை மூடிக்கொண்டு விலகினார். என்னவென்று தடுக்கிறது? அங்கே மேளம் இல்லை. இருந்தது ஒரு பெட்டி.

தலைக்கு மேலே ஒரு விமானம் சக்கரத்தை இறக்கிக்கொண்டு தாழப் போனது.

"அப்ப எஜமான் வந்து கேட்ட கதையை நான் சொல்லேக்கை," என்றார், "நீர் ஆரெண்டு நினைச்சுச் சிரிச்சனீர்?"

பெட்டியில் இருந்தவர்களில் ஒருவன் என்று என்னை நினைத்துக்கொண்டுதான் சிரித்தேன்.

"அந்த மூத்த மகன் எப்பிடித் தட்டினவர்?" என்றார் அண்ணை.

"ஞாபகமில்லை," என்றேன். அதுவும் பொய்.

அவர் பெட்டியிலிருந்து எழும்பினார். கையால் அதைக் காட்டினார். நான் அதில் ஏறி இருந்தேன். இருந்ததும் கைக்கு எல்லாம் தெரிந்தது, நாற்பது வருடம் அது எங்கேயும் போகவில்லை. நடுவில் உள்ளங்கை, மேல் விளிம்பில் விரல், பிறகு ஒரு இடைவெளி, நாலு பேர் காலெடுத்து வைக்கிற அளவுக்கு. நான் கண்ணை மூடவில்லை, அவரையே பார்த்துக்கொண்டு தட்டினேன். நாலு தட்டுப் போனது. எட்டுப் போனது. சந்தியிலிருந்து கோயில் வாசல்வரை முழுவதையும் தட்டி முடித்தேன். அண்ணையின் கைகள் இரண்டும் ஜாக்கெட் பொக்கற்றை விட்டு வெளியே வரவில்லை.