வேப்பங்குழை வைத்த இரண்டு குடங்கள்

சீனித்தம்பி மச்சான் செடிக்கு இலை துடைப்பதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் நாவற்குடாவில் கிடையாது. துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிவார். இலையை இடது கையில் ஏந்தி முதலில் மேற்பக்கம் துடைப்பார், பிறகு புரட்டி அடிப்பக்கம். ஒரு இலையையும் விடமாட்டார். "என்ன சீனித்தம்பி, புள்ளைக்கு முகம் துடைக்கிறியா?" என்று வேலிக்கு வெளியே நின்று கேட்பார்கள். அவர் பல்லைக் காட்டிவிட்டு அடுத்த இலைக்குப் போவார். நான் மட்டும் அதைப் பார்த்து ஒரு நாளும் சிரித்ததில்லை. ஏன் துடைக்கிறார் என்று தெரிந்தவள் ஊரில் நான் ஒருத்திதான்.

இப்போது மச்சானும் இல்லை, அக்காவும் இல்லை. பதினொரு வருசமாக மீன்முள் மாதிரி என் தொண்டையில் நிற்கிறது. ஒரு பிள்ளையின் உயிர் சம்பந்தப்பட்ட கதை. கேட்கிறவர்கள் என்னைத் திட்டுவதென்றால் முழுதும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

மச்சான் என்றால் என் அக்கா ஆச்சிப்பிள்ளையின் புருசன். பிறந்தது பனிச்சங்கேணியில். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான், ஆம்பிளை ஒரு சீலை மூட்டையோடு வந்து ஏறுகிறவன். அப்படி வந்து ஏறினவர். வயலும் தெரியாது, தோணியும் சரிவராது. புளியந்தீவில் பியானோ படிப்பிக்கிற ஒரு பறங்கி நோனாவின் வீட்டில் பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை கிடைத்தது. அந்த நோனா செடிகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பாள். சாய்மனைக் கதிரைக்குப் பக்கத்தில், பியானோவுக்குப் பக்கத்தில், படுக்கிற அறையில்கூடச் சாடி. "வீட்டுக்க மரம் வளக்கிறவளுக்கு முத்தத்தில கட்டில் போட்டா என்ன?" என்று நான் கேட்டிருக்கிறேன். மச்சான் கோபிக்கவே மாட்டார். எங்கள் குடும்பத்துக்கு வரவேண்டிய கோபம் முழுதும் எனக்கு வந்து சேர்ந்ததால் அவருக்கு மிச்சம் இல்லை.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, புஸ்பம். ஐந்து வயது. மூன்று பிள்ளை கருவிலே போய், கண்ணகை அம்மனுக்கு நேர்ந்து பெற்ற பிள்ளை. அவள் தும்மினால் அக்காவுக்குக் காய்ச்சல் வரும்.

முப்பத்தேழாம் வருசம் கச்சான் காற்று என்றுமில்லாத மாதிரி வீசியது. மேற்கேயிருந்து அடுப்பைத் திறந்துவிட்டது போலச் சூடு. வாவித் தண்ணீர் கரையை விட்டு உள்ளே போய், சேறு வெடித்துக் கிடந்தது. அந்தச் சூட்டில்தான் நோனாவின் குரோட்டன் இலைகள் சாம்பல் பூத்தன. பார்த்தால் தூசி மாதிரி. மச்சான் இலையைப் புரட்டிப் பார்த்தார். அடியில் ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளிகள், அவை ஊர்ந்தன. காம்புக்குக் காம்பு மெல்லிய வலை. செம்பேன்.

நோனா சாடிகளைச் சுற்றி வந்து பார்த்தாளாம். "சீனித்தம்பி, இது மத்தச் சாடிக்கும் பரவும். இந்த நாலையும் உன்ட வீட்டுக்குக் கொண்டு போ. சுகமாக்கிக் கொண்டு வா. ஏலாட்டி நான் வேற ஆள் பாக்கிறன்."

நாலு சாடியையும் காவுதடியில் தூக்கிக்கொண்டு கல்லடிப் பாலத்தால் நடந்து வந்தார். வெளியே வைத்தால் கச்சான் கொன்றுவிடும் என்று வீட்டுக்குள்ளே சின்ன அறையில் வைத்தார். வரும் வழியில் காத்தான்குடி உசனாரின் வண்டியைக் கண்டு புகையிலைக் காம்பு வாங்கியிருந்தார். புகையிலைத் தண்ணீர் தெளித்தால் பேன் சாகும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். உசனார் கொடுக்கும்போதே சொன்னாராம்: "நல்லா ஊறவிடு. ஆனா கையில புண் கிண் இருந்தா தொடாத சீனித்தம்பி. புண்ணுக்குள்ளால இறங்கினா மாட்டையும் விழுத்திப்போடும்."

இதை மச்சான் எங்களிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். நானும் சிரித்தேன்.

ஒரு புதுக் குடத்தில் காம்பை நறுக்கிப் போட்டுத் தண்ணீர் விட்டு, குசினிக்குப் பின்னால் வெயிலில் வைத்தார். தெளிப்பதற்கு ஒரு கொத்து வேப்பங்குழை ஒடித்துக் குடத்தின் வாயில் சொருகினார். மறுநாள் காலையில் தெளிப்பதாக எண்ணம்.

மறுநாள் காலையில் புஸ்பத்தின் நெற்றியில் மூன்று கொப்பளம்.

அம்மாள் வந்துவிட்டாள். வாசலில் வேப்பிலை கட்டியாயிற்று. பொரியல் இல்லை, தாளிதம் இல்லை, வெளியார் வரக்கூடாது. என் இடுப்பில் ஆறு மாதக் கைக்குழந்தை இருந்ததால், அடுத்த வளவில் இருந்தும் நான் அந்தப் பக்கம் போகவில்லை. வேலியோடு நின்று கேட்பேன், அக்கா உள்ளேயிருந்து சொல்லுவாள், அவ்வளவுதான். மச்சான் குடத்தைத் தூக்கப் போனபோது அக்கா கத்தியது எங்கள் வீட்டுக்கே கேட்டது.

"அம்மாள் வந்திரிக்கிற வீட்டுக்க உசிர் கொல்லுறதா? உங்களுக்கென்ன விசரா?"

"பேன்தானே, ஆச்சி."

"பேனுக்கும் உசிர் இரிக்கிதானே! புள்ளைக்குத் தண்ணி வாத்து முடியட்டும். மறுகா கொல்லுங்க."

பிள்ளையின் உயிரை வைத்துக்கொண்டு யார் மறுத்துப் பேசுவார்கள்? குடம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு நாள், இரண்டு நாள், ஒன்பது நாள். கச்சான் வெயிலில் ஊறி ஊறி அந்தத் தண்ணீர் கறுத்துக்கொண்டே போனது. உள்ளே அறையில் செம்பேன் பெருகி, நாலு செடிக்கும் சேர்த்து ஒரே வலையாகப் பின்னியது. அடுத்த அறையில் புஸ்பத்தின் உடம்பெல்லாம் கொப்பளம். வேலிக்கு மேலால் பார்த்தால் இருண்ட வாசலும் வாடிய வேப்பிலையும் மட்டும் தெரியும்.

கொல்லத்தான் கூடாது, செடி சூட்டில் வாடாமல் பார்க்கலாமே என்று மச்சான் தினம் விடிய வெறும் தண்ணீரை அள்ளி இலைகளின் அடியில் அடித்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார். பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் கூடிய நாட்களில் தண்ணீரை அடித்ததோடு சரி, இலையைப் புரட்டிப் பார்க்க யாருக்கும் மனமில்லை.

எட்டாம் நாள் காய்ச்சல் விட்டது. கொப்பளம் காய்ந்தது, காயாததைப் பிள்ளை சொறிந்து புண்ணாக்கியிருந்தாள். ஒன்பதாம் நாள் தலைக்குத் தண்ணீர் வார்க்க வேண்டும். அதற்கு எங்கள் வழக்கம், ஒரு குடம் தண்ணீரில் மஞ்சளும் வேப்பங்குழையும் போட்டு வெயிலில் சுடவைத்து எடுப்பது. மச்சான் விடியவே எழும்பி அந்தக் குடத்தை முன்முற்றத்தில் வைத்தார். பின்னேரம் பேனுக்குத் தெளிக்கலாம் என்று, பின்னால் இருந்த குடத்தில் வாடிப்போன குழையை எறிந்துவிட்டுப் புதுக்குழை சொருகினார். ஒரே கிளையில் ஒடித்த குழை. அக்காவிடம் இரண்டையும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

அவர் பாலம் தாண்டியிருக்கமாட்டார், அக்காவுக்குத் தீட்டு வந்துவிட்டது. தீட்டோடு அம்மாள் குடத்தைத் தொடலாமா? பிள்ளைக்குக் கிட்டத்தான் போகலாமா? அவள் வளவின் மூலைக் கொட்டிலுக்குள் போய் இருந்துகொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"இலச்சுமி! எனக்கு ஒண்ணாமப் போயிற்று கா. நீ வந்து புள்ளைக்கு வாரு. நாள் தப்பக்கூடாது."

அம்மாள் இறங்கிவிட்டாள் என்ற தைரியத்தில் கைக்குழந்தையை மாமியிடம் கொடுத்துவிட்டு, பின்வேலிக் கடவையால் புகுந்தேன்.

"குடம் எங்க அக்கா?"

"வெயிலுக்க இரிக்கி. வேப்பங்குழை போட்டது. சுறுக்கா வாரு, மறுகா ஆறிப்போகும். கேட்டிச்சா கா?"

"ஓம், கேட்டிச்சி."

கேட்டது. என் கண்ணுக்கு முன்னால் குசினிக்குப் பின்னால் வெயிலில் ஒரு புதுக்குடம், வாயில் பச்சை வேப்பங்குழை. முன்முற்றத்துக்குப் போக எனக்கு என்ன தேவை? புகையிலைக் கதை ஒன்பது நாளுக்கு முந்தியது, நினைவே இல்லை. வாசத்திலாவது தெரியாதா என்று கேட்பீர்கள். பன்னிரண்டு வயதிலிருந்து வெற்றிலையோடு புகையிலை போடுகிறவளுக்குப் புகையிலை ஒரு வாசமா? தண்ணீரின் கறுப்பையும் அடியில் கிடந்த காம்புகளையும் வெயிலில் ஊறிய குழை என்றே எடுத்துக்கொண்டேன்.

புஸ்பத்தைப் பலகையில் இருத்தினேன். மெலிந்து கண் மட்டும் பெரிதாக இருந்தாள். என்னைக் கண்டதும் சிரித்தாள். முதல் சிரட்டையைத் தலையில் ஊற்றியதும் முகத்தைச் சுளித்தாள்.

"சின்னம்மா, இது வேற மணமா இரிக்கி."

"வேப்பங்குழை மணம்தான் புள்ள. கண்ண மூடு."

அந்த ஒரு சொல்லுக்கு என் நாக்கை அறுத்திருக்க வேண்டும். குழையை நனைத்து, அவள் முதுகில், கழுத்தில், சொறிந்த புண்ணில் எல்லாம் தடவித் தடவி வார்த்தேன். கடைசிச் சொட்டுவரை கவிழ்த்து ஊற்றினேன். துடைத்து, உலர்ந்த சீலை சுற்றிப் பாயில் கிடத்தினேன்.

"சின்னம்மா, குளிருது," என்றாள். கச்சான் வெயில் பொரிகிறது, பிள்ளைக்குக் குளிருகிறதாம். பிறகு "வயிறு பிரட்டுது" என்றாள். வாயால் எச்சில் வழிந்தது. சத்தி எடுத்தாள். முகம் வெள்ளைத்துணியாக வெளுத்து, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. எனக்கும் தலை சுற்றியது, கை நடுங்கியது. பயத்தில் நடுங்குகிறேன் என்றுதான் நினைத்தேன். "அக்கா! ஓடி வா அக்கா!" என்று கத்தினேன். கொட்டில் வாசல்வரை ஓடிவந்த அக்கா அங்கேயே நின்றுவிட்டாள். தீட்டு. உள்ளே வந்தால் அம்மாள் கோபிப்பாள் என்று, வீட்டு வாசலுக்கு இருபது முழத்துக்கு அப்பால் நின்று, "அம்மாளே! அம்மாளே!" என்று நெஞ்சில் அடித்தாள். நான் கூவினேன், அவள் கூவினாள். மூச்சு நின்ற பிறகுதான் அவள் தீட்டை மறந்து உள்ளே ஓடிவந்தாள்.

ஆள் அனுப்பி மச்சான் வந்தபோது உச்சி வெயில். பிள்ளையைப் பார்த்தார். முன்முற்றத்துக்கு வந்தார். அங்கே மஞ்சள் தண்ணீர்க் குடம் வாய்வரை நிறைந்து, தொடாத குழையோடு நின்றது. அவர் குசினிக்குப் பின்னால் பார்த்தார். அங்கே வெற்றுக்குடம் கவிழ்ந்து கிடந்தது, பக்கத்தில் கறுத்த புகையிலைக் காம்புகள். பிறகு என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஊர்ச்சனம் படலைக்கு வந்துகொண்டிருந்தது. மச்சான் காம்புகளைக் காலால் தள்ளி மண்ணை மூடினார். முன்முற்றத்துக் குடத்தைத் தூக்கி, அந்த நல்ல தண்ணீர் முழுவதையும் வேம்படியில் கொட்டினார். வெறுங்குடத்தைப் பிள்ளை குளித்த பலகைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வந்தவர்களைப் பார்த்து, "அம்மாள் கூட்டிக்கொண்டு போயிட்டா," என்றார்.

என்னைக் காப்பாற்றினார். ஆனால் அக்காவைக் காப்பாற்ற அந்தப் பொய்யில் இடம் இருக்கவில்லை. பிள்ளையை எடுத்த அன்றே அவள் சொல்லத் தொடங்கிவிட்டாள்: "என்ட தீட்டுத்தான் என்ட புள்ளையத் தின்றது. தீட்டோட அம்மாள் பேரச் சொல்லிக் கத்தினன். அதுதான் கொண்டு போயிட்டா."

மச்சானும் நானும் தலையைக் குனிந்துகொண்டோம்.

எட்டாம் நாள் எட்டுச்சடங்கு முடிந்து அவர் சின்ன அறைக்குள் போனார். நானும் வாசலில் நின்றேன். நாலு சாடியிலும் குரோட்டன் புதுத்தளிர் விட்டிருந்தது. வலை இல்லை. இலையைப் புரட்டினார், இன்னொன்றைப் புரட்டினார், எல்லாவற்றையும் புரட்டினார். ஒரு பேன் இல்லை. அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

"வெறும் தண்ணியே போதும் புள்ள," என்றார். "வெறும் தண்ணியே போதுமா இருந்திச்சி."

அதைப் பற்றி எங்களுக்குள் வந்த பேச்சு அது ஒன்றுதான். சாடிகளைத் திருப்பிக் கொடுத்தார். நோனா அவர் கைராசியைப் புகழ்ந்து, வேறு பறங்கி வீடுகளுக்கும் சொன்னாள். அன்றிலிருந்து இலை துடைக்கப் பிடித்த ஈரத்துணியை அவர் சாகும்வரை விடவில்லை. புகையிலை விற்கிற வண்டி வந்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுவார். நானும் வெற்றிலைப் பெட்டியை வாவியில் எறிந்தேன். எறிந்து என்ன? அக்கா ஒவ்வொரு வைகாசிச் சடங்குக்கும் கண்ணகை அம்மன் கோயில் மணலில் உருண்டு மன்னிப்புக் கேட்டாள். அவள் முதுகில் ஒட்டின மணலைத் தட்டிவிடுகிறவள் நான்.

நாற்பத்தாறில் மச்சான் நெஞ்சு வலியில் போனார். கிடத்தியிருந்தபோது அக்கா அவர் கையைப் பிடித்து, தண்ணீரில் ஊறி வெடித்த அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"என்ட தீட்டால புள்ளையப் பறிகுடுத்த மனிசன், இலச்சுமி," என்றாள். "ஒம்பது வருசம். ஒரு நாள், ஒரு சொல், எனக்குச் சொல்லிக் காட்டல்ல. இப்படி ஒரு மனிசன் ஆருக்குக் கிடைக்கும்?"

நான் வாயைத் திறந்தேன். அவள் கண்ணீரோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம் அக்கா," என்றேன். "நல்ல மனிசன்."