காந்தமானி சுமந்தவன் பட்ட பாடு

காந்தமானியைத் தோளில் மாட்டிக்கொண்டு தேயிலை மலை ஏறுகிறவன் உடம்பில் ஒரு குண்டூசிகூட இருக்கக் கூடாது என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் சட்டம். அடியில் கிடக்கும் பாறையின் காந்தத்தை அளந்து, அது என்ன பாறை என்று ஊகிக்கும் வேலை. ஏதாவது ஒரு கருவியைச் சுமந்து மேட்டில் மூச்சு வாங்கியவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

சப்பாத்துக் கடை

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஹட்டனில் காலுக்குச் சப்பாத்து வாங்கப் போனேன். உள்ளே இரும்பு இருந்தால் கருவி பொய் சொல்லும். அதனால் சின்னக் காந்தம் ஒன்றை எடுத்து ஒவ்வொரு சோடியாகத் தடவிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் 'டக்'கென்று ஒட்டியது. ஒட்டாத ஒரே சோடி, பெண்பிள்ளைகள் போடும் ரோஸ் நிற ரப்பர் சப்பாத்து. கடைக்கார நானா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "தம்பி, சப்பாத்து வாங்க வந்தீங்களா, அதுக்குப் பேய் ஓட்ட வந்தீங்களா?"

கங்காணியின் குடை

டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் வழிகாட்ட ஒரு கங்காணி வந்தார். மரியாதையான மனுஷர். நாங்கள் நின்ற இடமெல்லாம் பக்கத்தில் வந்து குடை பிடித்தார். கருவியில் எண்கள் குதித்தன. என் கூட்டாளி பரீத், அடியில் பெரிய தாதுப் படிவு என்று சந்தோஷத்தில் மிதந்தான். திரும்ப அளந்தால் ஒன்றுமில்லை; கங்காணி அப்போது தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். எல்லாம் குடைக் கம்பி செய்த வேலை! தள்ளி நிற்கச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. "ஏங்க, என் ராசி அவ்வளவு மோசமாங்க?"

ஒட்டாத கல்

ஒப்பிட்டுப் பார்க்க, கீழ்நாட்டில் எடுத்த இரண்டு குரோமைட் கற்கள், அதாவது குரோமியத் தாதுக் கற்கள், எப்போதும் பையில் இருக்கும். எங்கள் வேன் டிரைவர் மணியண்ணன் அவற்றில் காந்தத்தை வைத்துப் பார்த்தார். ஒன்று அசையவில்லை, மற்றது கவ்விக்கொண்டது.

குரோமைட் இயல்பில் காந்தத்தை அவ்வளவாக மதிக்காது என்றேன். பூமிக்குள் சூடும் நீரும் பட்டு உருமாறினால் அதன் ஓரங்களில் மேக்னடைட் என்ற காந்த இரும்புத் தாது உண்டாகும், அப்புறம்தான் இழுக்கும். அந்த இழுப்பை வைத்தே பாறை பட்ட பாட்டைச் சொல்லிவிடலாம். அவர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப கல்லும் அடிபட்டாத்தான் ஒட்டும். நம்ம மச்சான் மாதிரி!"

லயத்துக்குப் பின்னால்

பொகவந்தலாவையில் கொழுந்து பறிக்கும் செல்வமணி அக்கா பாதையை மறித்து நின்றார். பின்னால் லயத்து வரிசை வீட்டுச் சனமே திரண்டிருந்தது. "இங்க ஏதாச்சும் கிடைச்சா எங்கள எங்க தள்ளுவீங்க, சார்?"

அளப்பது மட்டும்தான் என் வேலை. அதற்குப் பிறகு நடப்பதற்கு நான் எப்படி வாக்குக் கொடுப்பது? அதைத்தான் சொன்னேன். பிறகு, "நீங்களே தூக்கிட்டு வாங்கக்கா, நம்பர நீங்களே பாருங்க" என்று கருவியை அவரிடம் கொடுத்தேன். அவர் தோட்டையும் கொண்டை ஊசியையும் கழற்றி மகளிடம் தந்துவிட்டு நடந்தார். எண்கள் அமைதியாகவே வந்தன. மரக்கறிப் பாத்தி ஓரத்தில் திடீரென்று துள்ளின. ஒருவர் ஓடிப்போய் மண்வெட்டி எடுத்து வந்தார். ஒரு முழம் வெட்டியதும் துருப்பிடித்த கூரைத் தகரங்கள், அடுக்கடுக்காக. செல்வமணி அக்கா பாத்தி ஓரத்திலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "எங்க மண்ணுக்குள்ள இருக்கிறதும் எங்க ஒழுகுன கூரைதான், தம்பி!"

மலைக்கு அடியில் இருப்பதைக் கேட்கப் போனால் மேலே இருப்பவர்களுக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது; அதற்கு இன்னும் யாரும் கருவி செய்யவில்லை.