மலைப் பக்கம் திரும்பிய கழுத்து

ஐப்பசி மாதம் ஒரு காலை. எழுந்தேன், கழுத்து திரும்பவில்லை. வலது கை தோளிலிருந்து விரல்வரை மரத்துக் கிடந்தது. சட்டைப் பித்தானை என் மனைவி செல்விதான் போட்டுவிட்டாள். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது.

நான் அண்ணாமலையாரைத் தோளில் சுமக்கிறவன். அடி அண்ணாமலையில் கொஞ்சம் நிலம் உண்டு, வயிற்றுப்பாடு அதில். ஆனால் கார்த்திகைத் தீபம் முடிந்து சுவாமி மலையைச் சுற்றி வரும்போது, அவரைச் சுமக்கும் தண்டுக்குத் தோள் கொடுப்பதற்காகவே பிறந்தேன் என்று இருந்தேன். தோளில் காய்ப்பு ஏறினவனைத்தான் எங்களுக்குள் மதிப்போம். அது சாமி வைத்த முத்திரை என்போம். அதனால் பிடித்த இடத்தையும் தோளையும் யாரும் மாற்றுவதில்லை.

சுவாமி தூக்கும் எங்கள் ஆட்களுக்குத் தலைவரான மேஸ்திரி என்னைப் பார்த்துவிட்டு, "இந்த வருஷம் ஒதுங்கிக்கப்பா. நடு வழியில நீ கைய உட்டுட்டா என்ன ஆவறது?" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். எனக்கு உயிரே போய்விட்டது.

நேரே அடி அண்ணாமலையார் கோயிலுக்குப் போனேன். கும்பிடக்கூடக் கை எழவில்லை. "உன்னத் தூக்கித்தானே இப்படி ஆனேன்? நீயே பாத்துக்க" என்று சாமியிடம் சண்டை போட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அழுதேன்.

செல்வி செங்கம் ரோட்டில் ஒரு விடுதியில் சமையல் வேலை செய்தாள். அன்று சாயங்காலம் வந்தவள், "வெளிநாட்டம்மா ஒருத்தங்க தங்கியிருக்காங்க. முதுகெலும்பு, தசைப்பிடிப்பு பாக்கற டாக்டராம். வருஷா வருஷம் வர்றதால தமிழ் பேசறாங்க. வந்து காட்டுங்க" என்றாள். என் வேண்டுதலுக்குப் பதில் அவள் வாயில் வந்திருப்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

கழுத்தை மளுக்கென்று திருப்பிச் சரிசெய்வார் என்று நினைத்துப் போனேன். அந்த அம்மா என்னைத் தொடவே இல்லை. "கை மரத்து இருக்கு. முதல்ல எக்ஸ்ரே. அப்புறம் நான்" என்றார். டவுன் டாக்டர் படம் பார்த்து, ஆபரேஷன் வேண்டாம், பயிற்சி செய்யலாம் என்ற பிறகே ஒப்புக்கொண்டார். அந்த நிதானத்துக்கே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஒரு மூங்கிலைக் கொடுத்து, தூக்கிக் காட்டச் சொன்னார். என்னைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். மண்வெட்டி, பால் கேன், தூக்கம் எல்லாமே எனக்கு வலது பக்கம்தான் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். காய்ப்பின்மேல் கை வைத்தபோது பாராட்டப் போகிறார் என்று நிமிர்ந்தேன். "இந்தத் தோள் பாவம். ஜாஸ்தி வேலை" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

வெந்நீரில் பிழிந்த துண்டை ஒத்தடமாகப் போடச் சொன்னார். சுவரில் முதுகு சாய்த்து, மோவாயை உள்ளே இழுத்து நிற்கக் கற்றுக்கொடுத்தார். கழுத்தை வலி தொடங்கும் இடம்வரைதான் திருப்ப வேண்டும், அதைத் தாண்டக் கூடாது. குனிந்து வேலை செய்தால் நடுநடுவே நிமிர வேண்டும். "நான் ஊருக்குப் போயிடுவேன். உன் உடம்பை நீதான் பாக்கணும்" என்றார். செல்விக்கு ஒரே சிரிப்பு. "செவுரு வுழுந்துடும்னு முட்டுக் குடுக்கறீங்களா?" என்பாள். கொஞ்சம் கொஞ்சமாக விரல்களுக்கு உணர்வு வந்தது. ஒரு நாள் பித்தானை நானே போட்டேன். சிரித்தவள் அழுதுவிட்டாள்.

கடைசியாக அந்த அம்மா சொன்னது, "தோளை மாத்து." மேஸ்திரியிடம் பயந்துகொண்டே கேட்டேன். என் வலது கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வலது தோள்லதான் வருவேன்னு சாமி சொல்லலியே. அந்தப் பக்கம் நில்லு. கொஞ்ச தூரம் தூக்கு, முடியலன்னா உடனே சொல்லிடு."

அந்தக் கார்த்திகையில் இடது தோள் கொடுத்தேன். சுவாமி வலம் வரும்போது மலை எப்போதும் நமக்கு வலப்பக்கம் இருக்கும். அதுவரை என் வலது காதை ஒட்டித் தண்டு இருந்தது. தலை இடப்பக்கம் ஒதுங்கியே கிடக்கும், ரோட்டோரக் கடைகள்தான் கண்ணில் படும். இப்போது வலப்பக்கம் திறந்திருந்தது. வழியில் எங்கள் ஊர் அடி அண்ணாமலை வந்ததும் கழுத்து தானாகத் திரும்பியது. மலை முழுசாக நின்றது. இத்தனை வருஷம் அதைச் சுற்றியவன், சுவாமியைச் சுமந்தபடி அன்றுதான் அதைப் பார்த்தேன்.

அன்பானவர்களே, வலியைப் பக்தி என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள். அண்ணாமலையாரிடம் கேளுங்கள், சண்டை போட்டாவது கேளுங்கள். ஆள் அனுப்புவார். வந்தவர் சுவரில் சாய்ந்து நில் என்றால், மறுபேச்சில்லாமல் நில்லுங்கள். நான் இன்று காலையும் நின்றேன்.